இரவில் பிள்ளையோடு இருப்பது யார்?

கொஸ்லந்த, ஹல்துமுல்ல, பூனாகலை, அப்புத்தளை உறவுகள் எல்லோரின் கவனத்துக்கு.

நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை விடுதியோடு கூடிய தனியார் பாடசாலையில் சேர்க்க யோசிப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள். சேர்க்க வசதியில்லாதவர்கள் கட்டாயம் வாசியுங்கள். பின்பாதி உங்களுக்காகத்தான்.

புது வருடத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்துவிட்டது. கடைக் கண்ணாடியில் நோட்டீஸ், போனில் வட்ஸ்அப் படம். பச்சைப் புல்வெளி, பின்னால் மலை, டை கட்டிய பிள்ளைகள், கீழே "விடுதி மாணவர்கள் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள்" என்று ஒரு வரி. நமக்கு மலையும் பச்சையும் புதிதா? தியலும நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இயற்கைக் காட்சிக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்ததும் வீடுகளில் பேச்சு தொடங்கிவிடுகிறது. நகையை அடகு வைக்கும் பேச்சு. வெளிநாட்டில் வேலை செய்யும் உம்மா அனுப்பும் சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கும் பேச்சு. "அங்க போட்டா இங்கிலீஷ் தானா வந்துரும்" என்ற பேச்சு.

இந்தப் பக்கத்தில் படிப்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் "அனுப்பாதீர்கள்" என்று சொல்ல இதை எழுதவில்லை. தன் பிள்ளைக்கு நல்லதைத் தேடுவது பெற்றோரின் உரிமை, கடமையும்கூட. விடுதிப் பாடசாலை என்றாலே கூடாது என்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. நாங்கள் சொல்ல வருவது இதுதான்: விடுதிக்கு நீங்கள் கட்டும் காசு கட்டடத்துக்கானது என்று நினைக்காதீர்கள். பாடசாலை மணி அடித்த பிறகு, மறுநாள் காலை வரை, உங்கள் பிள்ளையோடு இருக்கப் போகும் பெரியவர்களுக்குத்தான் அந்தக் காசு. அவர்கள் யார் என்று விசாரிக்காமல் ஒரு பாடசாலையைத் தெரிவு செய்ய முடியாது. காசு கட்ட முடிந்தவரின் பிள்ளைக்கு மட்டும் அப்படிப்பட்ட பெரியவர்கள் போதும் என்று ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியாது.

முதலில், எந்தப் பாடசாலையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

"பிரைவட் ஸ்கூல்" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்தபோது, அதுவரை அரச உதவி பெற்று மிஷனரிகளும் சங்கங்களும் நடத்திய பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. சில பாடசாலைகள் மட்டும் தனியாரிடமே இருந்துகொள்ளத் தீர்மானித்தன. இன்று நாம் பழைய தனியார் பாடசாலைகள் என்று சொல்பவை அவைதான். அவை கல்வி அமைச்சின் கண்ணுக்குக் கீழ் வருகின்றன. உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் சாதாரண தரம், உயர்தரம் எழுதுகின்றன.

அதே 1961ஆம் ஆண்டுச் சட்டம், 5 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்கக்கூடாது என்றும் சொன்னது. அப்படியென்றால் இன்று ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் சர்வதேசப் பாடசாலைகள் எப்படி வந்தன? கம்பனிகளாக வந்தன. அவை பதிவு செய்யப்படுவது கல்வி அமைச்சில் அல்ல, கம்பனிச் சட்டத்தின் கீழ். ஒரு ஹாட்வெயார் கடையும் ஒரு பாடசாலையும் சட்டத்தின் முன் ஒரே மாதிரிப் பதிவு. அவற்றில் நல்ல முறையில் நடப்பவையும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வலயக் கல்விப் பணிமனையில் இருந்து ஒரு அதிகாரி போய் அங்கே வகுப்பறையைப் பார்ப்பார், ஆசிரியரின் தகைமையைக் கேட்பார் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையை விடாதீர்கள். அங்கே உங்களுக்காகக் கேள்வி கேட்க வேறு யாரும் இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி விடுதி என்ற விடயத்துக்கு வருவோம். நமது பதுளை மாவட்டத்திலேயே கிராமத்து விடுதிப் பாடசாலைக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. வெலிமடைப் பக்கம் குருத்தலாவ. நம்மவர்கள் நெடுங்காலமாக வாழும் ஊர். அங்கே புனித தோமஸ் கல்லூரி 1942இல் தொடங்கியது. யாரும் சொகுசுப் பாடசாலை கட்டத் திட்டம் போட்டுத் தொடங்கியதல்ல. இரண்டாம் உலக யுத்தம் நடந்த நேரம். கல்கிசையில் இருந்த தாய்ப் பாடசாலையின் கட்டடங்கள் இராணுவத் தேவைக்குப் போய்விட்டன. பிள்ளைகளை எங்கே வைத்துப் படிப்பிப்பது என்று தெரியாமல் நின்ற நேரத்தில், லெஸ்லி டி சேரம் என்பவர் குருத்தலாவையில் இருந்த தன் பண்ணையைக் கொடுத்தார். ஹேமன் என்ற ஆங்கிலேயர் முதல் தலைமையாசிரியராக வந்தார். குளிரில், பண்ணைக்குள், பிள்ளைகளோடு பிள்ளைகளாக இருந்து அந்தப் பாடசாலையை உருவாக்கினார். கொழும்பில் பெரிய கட்டடத்தில் இருந்தவர்கள் ஒரு பண்ணைக்கு வந்தார்கள், ஆனாலும் பாடசாலை நின்று பிடித்தது. கட்டடம் முக்கியம் என்றால் அது அன்றே மூடியிருக்க வேண்டும். ஆசிரியர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அதனால்தான் அது பாடசாலையாக நின்றது.

இன்னொரு உதாரணம் இதைவிடப் பழையது. நாடு முழுவதற்கும் சொந்தமானது.

காலி ரிச்மண்ட் கல்லூரியில் டரல் என்றொரு அதிபர் இருந்தார். 1896இல் பொறுப்பெடுத்தவர். அம்பலாங்கொடைப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் படித்த கெட்டிக்காரப் பையன் ஒருவன் அவர் கண்ணில் பட்டான். அவனுக்குப் புலமைப்பரிசில் கொடுத்து, ரிச்மண்டில் விடுதியில் வைத்துப் படிப்பித்தார். 1906இல் விடுதிப் பிள்ளைகளிடையே நெருப்புக் காய்ச்சல் பரவியது. டரல் பங்களாவில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவில்லை. நோயில் விழுந்த பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து பராமரித்தார். அதே நோய் அவருக்கும் தொற்றி இறந்து போனார்.

அவர் விடுதியில் இடம் கொடுத்த அந்தப் பையனின் பெயர் கன்னங்கரா. பிறகு கல்வி அமைச்சராகி, 1945இல் இந்த நாட்டுக்கு இலவசக் கல்வியைக் கொண்டுவந்தவர். கிராமங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மத்திய கல்லூரிகளைத் தொடங்கியவர். தரம் 5 புலமைப்பரிசில் சித்தியடைந்த ஏழைப் பிள்ளை அங்கே விடுதியில் தங்கிப் படிக்க வழி செய்தவர். தனக்கு ஒரு மனிதர் செய்ததை அவர் நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் செய்யப் பார்த்தார். இலங்கையில் கிராமத்து விடுதிப் பாடசாலை என்ற எண்ணம் பணக்காரருடையது என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, நோட்டீஸ் கொடுத்தவரிடம் போய்க் கேட்க வேண்டிய கேள்விகளைப் பார்ப்போம். நீச்சல் தடாகத்தைக் காட்டுவார்கள், கணினி அறையைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, இவற்றைக் கேளுங்கள்.

இரவு விடுதியில் தங்குகிறவர் யார்? படிப்பிக்கும் ஆசிரியரா, சம்பளத்துக்கு வைத்த வோடனா, காவலாளியா? எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர்? அவர் இந்தப் பாடசாலையில் எத்தனை வருடமாக இருக்கிறார்? ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறும் விடுதியில் உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "ஏன் இன்னைக்கு சாப்பிடல்ல?" என்று கேட்க ஆள் இருக்காது. பெண் பிள்ளைகளின் விடுதி என்றால் பெண் பொறுப்பாளர் அங்கேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளும் உயர்தரப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்திலா படுக்கிறார்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். கேட்டவுடன் முகம் சுளிக்கும் நிர்வாகம் என்றால் அந்த முகச்சுளிப்பே பதில்.

நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வாகனம் இருக்கிறதா, உங்களுக்கு எத்தனை மணிக்குத் தகவல் வரும்? மலைப் பாதையில் மழைக் காலத்தில் இரவுப் பயணம் எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரகல வளைவில் பனி மூடினால் லொறியே நின்று போகும்.

பிள்ளை முறைப்பாடு சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்வது? வீட்டுக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்பின்போது பொறுப்பாளர் பக்கத்தில் நிற்பாரா? முன்னறிவித்தல் இல்லாமல் பெற்றோர் வந்து பார்க்கலாமா? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த நான்கு இலக்கத்தையும் பிள்ளைக்குப் பாடமாக்கி அனுப்புங்கள். இது தனியார் பாடசாலைக்கு மட்டுமல்ல, அரச விடுதிக்கும், நமது மத்ரஸா விடுதிக்கும் பொருந்தும். இடம் மார்க்கத்தின் பெயரில் இருப்பதால் கேள்வி கேட்கக்கூடாது என்று எங்கும் இல்லை. பிள்ளை அமானிதம். அமானிதத்தை ஒப்படைக்கும்போது விசாரிப்பதுதான் முறை.

எந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறார்கள்? இது எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. லண்டன் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு நமது அரச பல்கலைக்கழகங்களின் வழமையான கதவு திறக்காது. அது உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளிக்குத் திறக்கும் கதவு. கல்வியியல் கல்லூரிகளும் அப்படித்தான். வெளிநாட்டில் பட்டப்படிப்புக்குக் காசு கட்ட முடிந்த குடும்பம் என்றால் பரவாயில்லை. விடுதிக் கட்டணத்துக்கே நகை அடகு வைக்கும் குடும்பம், 18 வயதில் அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று இன்றே யோசிக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விடயம் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று. எந்த மாவட்டத்துப் பாடசாலையில் தொடர்ந்து படித்தார் என்பதை வைத்தே மாவட்டம் பார்க்கப்படும். உயர்தரத்துக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்பும்போது, பிள்ளை பதுளை வரிசையை விட்டுப் போய்ப் பெரிய மாவட்டத்தின் நீண்ட வரிசையில் நிற்க நேரலாம். அனுமதிக் கைநூலைப் பார்த்து, விதியைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கேட்டால் விளக்கிச் சொல்ல நாங்கள் ஆயத்தம்.

மார்க்க விடயம். ஹலால் சாப்பாடு தருவோம் என்று எல்லோரும் சொல்வார்கள். சமையலறையைப் பாருங்கள். ஜும்ஆவுக்குப் போக விடுவார்களா? நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்பிச் சாப்பாடு கொடுக்க ஆள் இருக்கிறாரா? உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். இஸ்லாம் படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது புத்தகத்தைக் கொடுத்து மூலையில் இருத்திவிடுவார்களா? கோயிலுக்குப் போகும் பிள்ளைக்கும் சேர்ச்சுக்குப் போகும் பிள்ளைக்கும் இதே கேள்விதான். பல சமயப் பிள்ளைகள் ஒன்றாகத் தங்குவது நல்ல விடயம். நாமே இந்தச் சின்ன டவுனில் அப்படித்தான் வாழ்கிறோம். அவரவர் வணக்கத்துக்கு இடம் விட்டால்தான் அது ஒன்றாக வாழ்வது.

மொழி. ஆங்கிலம் வேண்டும், நிச்சயமாக வேண்டும். ஆனால் தமிழில் ஒரு பக்கம் எழுதத் தெரியாத, சிங்களத்தில் பஸ் கேட்கத் தெரியாத பிள்ளை ஆங்கிலத்தோடு மட்டும் இந்த மலைக்குத் திரும்பி வந்து என்ன செய்யும்? உம்மம்மாவோடு பேச மொழியில்லாமல் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அரச பாடசாலைகளிலும் 2000களின் தொடக்கத்தில் இருந்து ஆங்கில மொழி மூலம் சில பாடங்கள் படிப்பிக்க வழியிருக்கிறது. நமது பகுதியில் அது ஏன் நடக்கவில்லை என்று கேட்கும் வாய்கள்தான் குறைவு.

வயதையும் பாருங்கள். தரம் 1, தரம் 2 பிள்ளையை விடுதியில் விடுவது பற்றி யாராவது ஆலோசனை கேட்டால் நாங்கள் வேண்டாம் என்றே சொல்வோம். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தேவை இரவில் போர்வையைச் சரி செய்யும் கை. சொல் கேட்காத பிள்ளையைத் திருத்த விடுதிக்கு அனுப்புவதும் வேண்டாம். "அடங்காட்டி ஹொஸ்டல்ல போட்டுருவேன்" என்று பயமுறுத்தி அனுப்பிய பிள்ளை, அங்கே போய்ப் படிப்பை அல்ல, தண்டனைக் காலத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நல்ல பதில் கிடைத்தால், வசதியும் இருந்தால், பிள்ளைக்கும் விருப்பம் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். துஆச் செய்து வழியனுப்புவோம்.

இப்போது மற்றப் பக்கத்துக்கு வருவோம். அனுப்ப முடியாதவர்களின் பக்கம்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் 1,350 ரூபா. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு விடுதிக் கட்டணம் பற்றிப் பேசுவதே கேலி. டவுனில் சின்னக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் பலரின் நிலையும் இதைவிடப் பெரிதாக இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது ஊர்ப் பாடசாலை ஒன்றுதான்.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது என்றோம். தோட்டப் பிள்ளைகளிடம் அது அன்றே வந்து சேரவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. நாடு ஓடத் தொடங்கி முப்பது வருடம் கழித்துத்தான் நமது பிள்ளைகளுக்கு ஓட்டப் பாதையில் இடம் கிடைத்தது. பிறகு, "உங்கட பிள்ளைகள் ஏன் பின்தங்கி இருக்கு?" என்று நம்மிடமே கேட்கிறார்கள்.

தரம் 5 புலமைப்பரிசிலை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுக்கிறது. பத்திரிகையில் படம், பாடசாலையில் மாலை. பெரிய பாடசாலையில் இடமும் கிடைக்கிறது. அங்கே எங்கே தங்குவது? உதவித் தொகை நீண்ட காலம் மாதம் 750 ரூபாவாகவே இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ரூபாவாக்க முன்மொழிந்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் 1,500 ரூபாவுக்கு பண்டாரவளையில் ஒரு கிழமை போர்டிங் கூடக் கிடைக்காது. மாலை போட்ட பிள்ளை ஜனவரியில் பழைய பாடசாலைக்கே திரும்பி வருகிறது. அந்தப் பிள்ளையின் முகத்தை வகுப்பறையில் பார்ப்பவர்கள் நாங்கள்.

ஊர்ப் பாடசாலையில் என்ன குறை என்று கேட்டால், எல்லோரும் முதலில் கட்டடத்தைச் சொல்வார்கள். நாங்கள் முதலில் சொல்வது பஸ்ஸை. ஆசிரியர்களில் பலர் பண்டாரவளையில் இருந்தும் அப்புத்தளையில் இருந்தும் தினமும் வந்து போகிறவர்கள். பாடசாலை விட்டதும் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அதைத் தவறவிட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்குவதற்கு இந்தப் பக்கத்தில் ஒழுங்கான ஆசிரியர் விடுதி இல்லை. கஷ்டப் பிரதேசம் என்று பெயர் போட்டு நியமனம் கொடுக்கிறார்கள், தங்க ஒரு அறை கொடுப்பதில்லை. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் படிப்பிக்க வருகிறவர், சேவைக் காலம் முடிந்த அன்றே இடமாற்றக் கடிதத்தோடு போய்விடுகிறார். குருத்தலாவையில் 1942இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளைக்கு இல்லாமல் போனது பண்ணையும் அல்ல, பங்களாவும் அல்ல. மணி அடித்த பிறகும் இருக்கும் ஆசிரியர்.

"நீங்கள் ஆசிரியர்கள்தானே, உங்களிலேயே சிலர் பிள்ளைகளை வெளியே அனுப்புகிறீர்களே" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். அவர்களுக்கும் மேலே சொன்ன அதே கேள்விகள்தான், அதே கடமையும்தான். பிள்ளையை எங்கே படிப்பிக்கிறோம் என்பது ஒவ்வொரு வீட்டின் முடிவு. ஊர்ப் பாடசாலையைக் கைவிடுவது ஊரின் முடிவு. இரண்டையும் ஒன்றாக்கக்கூடாது.

ஏனென்றால் நடப்பது இதுதான். அதிகாரியிடம் போய்ப் பேசத் தெரிந்தவர், கடிதம் எழுதத் தெரிந்தவர், பாராளுமன்ற உறுப்பினருக்கு நேரே போன் எடுக்கக்கூடியவர், இவர்களின் பிள்ளைகள்தான் முதலில் வெளியே போகிறார்கள். பிள்ளை போனதும் பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து போய்விடுகிறார்கள். கூட்டத்தில் மிஞ்சுவது அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, கடைசி வரிசையில் இருந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் தாய்மார். அவர்கள் கேட்டால் வலயம் கேட்குமா? மாணவர் தொகை குறைகிறது, ஆசிரியரும் குறைகிறார், அதைக் காட்டி இன்னும் சிலர் வெளியே போகிறார்கள். பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடுவது, பக்கத்துப் பாடசாலையோடு சேர்ப்பது என்ற பேச்சு நாட்டில் அடிக்கடி எழுகிறது. அந்தப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் வரும்போது மட்டும் பதாகை பிடித்துப் பயனில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை இந்த ஊர் மறக்காது. மீரியபெத்தையில் மலை இறங்கி லயன்களை மூடிய நாள். உயிர் தப்பியவர்களை எங்கே தங்க வைத்தோம்? பெரிய கட்டணப் பாடசாலைகளிலா? கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் இருந்த நமது தமிழ்ப் பாடசாலைகளில். வகுப்பறைகளில்தான் மக்கள் படுத்தார்கள், அங்கேதான் சமைத்தார்கள், அங்கேதான் அழுதார்கள். மார்க்கம், சாதி பார்க்காமல் ஊரே அங்கே நின்றது. ஊர்ப் பாடசாலை என்பது அந்த நாளில் கைகொடுத்த இடம். அதற்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

என்ன செய்யலாம்? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக நாங்கள் வரவில்லை.

நமது சமூகத்தில் முன்மாதிரி இருக்கிறது. ஏ. எம். ஏ. அஸீஸ் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாததால் படிப்பை நிறுத்தக்கூடாது என்பதுதான் நோக்கம். பிறகு 1948இல் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானவரும் அவர்தான். மாணிக்கக்கல் வியாபாரத்தில் சம்பாதித்த நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். ஊர் ஊராக வந்த ஏழைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். இவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் நினைத்திருந்தால் நம்மில் எத்தனை பேர் இன்று ஆசிரியர்களாக, மௌலவிமாராக, உத்தியோகத்தர்களாக இருப்போம்?

நளீம் ஹாஜியார் அளவுக்கு நம்மிடம் செல்வம் இல்லை. ஆனால் இரண்டு அறைகளைத் திருத்த முடியும். பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, சேர்ச், கடை முதலாளிமார், தோட்டத்து இளைஞர்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்தால் ஆசிரியர்கள் தங்க ஒரு இடத்தைச் செய்து கொடுக்கலாம். நான்கு ஆசிரியர்கள் கிழமை நாட்களில் ஊரில் தங்கினால், பின்னேரம் ஆறு மணி வரை வகுப்பு நடக்கும். விளையாட்டு நடக்கும். பரீட்சைக்கு முன் கேள்வி கேட்க ஒருவர் இருப்பார். லயன் அறையில் ஐந்து பேருக்கு நடுவில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு, வெளிச்சமுள்ள மேசையும் பக்கத்தில் ஒரு ஆசிரியரும் கிடைத்தால் அதுவே விடுதியின் பாதி.

மற்றப் பாதியை அரசிடம் கேட்போம். பண்டாரவளை வலயத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் தங்கிப் படிக்க ஒழுங்கான அரச விடுதிகள் வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக, பொறுப்பாளரோடு வேண்டும். இது பிச்சை அல்ல. மத்திய கல்லூரிகளுக்கு எண்பது வருடத்துக்கு முன்பே கொடுத்ததை நமக்கும் தா என்று கேட்பது. ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு ஊர் சார்பில் ஒரே கடிதம், எல்லா மார்க்கத்தவரின் கையெழுத்தோடு போக வேண்டும்.

ஒரு சிறிய நிதியும் தொடங்குவோம். ஸகாத் அதற்குரியவர்களுக்குப் போகட்டும். ஸதகாவுக்கு அப்படி வேலி இல்லை, அது எந்த மார்க்கத்துப் பிள்ளையின் பஸ் காசாகவும் போர்டிங் காசாகவும் மாறலாம். புலமைப்பரிசிலில் சித்தியடைந்தும் போக முடியாமல் நிற்கும் ஒரு பிள்ளையை வருடத்துக்கு அனுப்ப முடிந்தால்கூடப் போதும், தொடங்கலாம்.

பிள்ளையைத் தனியார் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோரிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளை போகட்டும், நீங்கள் போகாதீர்கள். நீங்களும் அந்த ஊர்ப் பாடசாலையில் படித்தவர்கள்தானே? பழைய மாணவர் சங்கத்தில் இருங்கள். வலயத்துக்குப் போகும்போது அந்தத் தாய்மாரோடு கூட வாருங்கள். உங்கள் பேச்சு எடுபடும். தனியார் பாடசாலையில் கேட்ட அதே கேள்விகளை இங்கேயும் கேளுங்கள். கணிதத்துக்கு ஆசிரியர் எங்கே, மணி அடித்த பிறகு யார் இருக்கிறார், அடுத்த வருடமும் இருப்பாரா என்று கேளுங்கள். காசு கட்டியவருக்கு மட்டும் உள்ள கேள்விகள் அல்ல இவை. வரி கட்டுகிற எல்லோருக்கும் உரிய கேள்விகள்.

வாசித்தவர்கள் கருத்தை எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை, பெயரோடு எழுதுங்கள். ஆசிரியர் தங்குமிட விடயமாகச் சேர்ந்து செய்ய விருப்பமுள்ளவர்கள் உட்பெட்டியில் சொல்லுங்கள். அதிபர்மாரோடும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களோடும் பேசி ஒரு நாளைக் குறிப்போம்.

நம் எல்லோருடைய பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. நல்ல ஆசிரியர்களை அவர்கள் பக்கத்தில் வைத்திருப்பானாக.